ஆங்கிலத் தாள்: பிழை திருத்தம், இரு கவிதை ஒப்பீடு, சுருக்கி எழுதுதல் – மூன்றிலும் மதிப்பெண் எங்கே போகிறது?

வரிவால் கேட்டது:

வணக்கம். ஆங்கிலத் தாளில் மூன்று பகுதிகள் தொடர்ந்து காலை வாருகின்றன. தேர்வுக்கு இன்னும் 6 வாரம்.

பிழை திருத்தம்: 20 வாக்கியம், 15 நிமிடம். விதியைக் கேட்டால் ஒப்பித்துவிடுவேன். அதே விதி வாக்கியத்துக்குள் மீறப்பட்டிருந்தால் கண்ணில் படுவதில்லை. 11, 12-ஐத் தாண்டமுடியவில்லை.

கவிதை: இரண்டு கவிதைகளை ஒப்பிட்டு 250 சொல், 40 நிமிடம். போன மாதிரித் தேர்வில் பிளேக்கின் 'தி லாம்', 'தி டைகர்'. முதல் பாதியில் ஆட்டுக்குட்டி, இரண்டாம் பாதியில் புலி என்று எழுதினேன். "இரண்டு பொழிப்புரை இருக்கிறது, ஒப்பீடு எங்கே?" என்று ஓரத்தில் எழுதித் திருப்பித் தந்தார்கள்.

சுருக்கம்: 300 சொல் பத்தியை 100 சொல்லில் எழுத வேண்டும். எனக்கு 150 வருகிறது. வெட்டத் தொடங்கினால் பொருள் அறுந்துபோகிறது.

எதை முதலில் சரிசெய்வது? ஆங்கில உதாரணங்களைத் தமிழ் எழுத்திலேயே போடுங்கள், புரிந்துகொள்வேன்.

முற்றுப்புள்ளி எழுதியது:

பிழை திருத்தத்துக்கு மட்டும் சொல்கிறேன். கவிதைக்கு 'இயைபு' வருவார் என்று நம்புகிறேன்.

விதி தெரிந்தும் பிழை தெரியாததற்குக் காரணம், வாக்கியத்தைப் பொருளுக்காகப் படிப்பது. பொருள் பிடிபட்டதும் மனசு பிழையைத் தானே திருத்திக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விடும். அதனால் படிக்காதீர்கள், பிரியுங்கள். முதலில் முற்றுவினையைத் தேடி அடிக்கோடு போடுங்கள். அந்த வினையிடம் 'யார்? எது?' என்று கேட்டு, பதிலாக வரும் பெயரை வட்டமிடுங்கள். இரண்டுக்கும் நடுவில் கிடப்பதை அடைப்புக்குறிக்குள் தள்ளுங்கள்.

'தி குவாலிட்டி ஆஃப் தீஸ் பிக்சர்ஸ் ஆர் பூர்.' வினை 'ஆர்'. எது பூர்? படங்கள் அல்ல, தரம். 'ஆஃப் தீஸ் பிக்சர்ஸ்' அடைப்புக்குள் போனதும் மிஞ்சுவது 'தி குவாலிட்டி ஆர் பூர்'. இதில் பிழை தெரியாதவர் யாரும் இல்லை. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒரு பன்மைப் பெயரைச் செருகிவைப்பதுதான் வினாத்தாள் போடுபவர்களின் நிரந்தரத் தந்திரம். 'ஆஃப்', 'அலாங் வித்', 'ஆஸ் வெல் ஆஸ்' என்று எது வந்தாலும் அதற்குப் பின்னால் வரும் பெயர் பெரும்பாலும் எழுவாய் அல்ல. 'ஒன் ஆஃப் தி' வந்தால் பெயர் பன்மை, வினை ஒருமை: 'ஒன் ஆஃப் தி விண்டோஸ் இஸ் ப்ரோக்கன்'. 'நைதர் – நார்' வந்தால் வினைக்குப் பக்கத்தில் நிற்கும் பெயரைப் பாருங்கள்.

எது முற்று, எது எச்சம் என்று குழம்பினால் காலத்தை மாற்றிப் பாருங்கள். 'ஹி வாண்ட்ஸ் டு கோ' என்பதை நேற்றைக்கு மாற்றினால் 'ஹி வாண்டட் டு கோ'. மாறியது 'வாண்ட்ஸ்', அதுதான் முற்று. 'டு கோ' அசையவில்லை, அது எச்சம். '-இங்' சொல் தனியாக நின்றாலும் எச்சம்தான். 'ஹி ரன்னிங்' வாக்கியமே அல்ல.

இதில் நமக்குக் கூடுதல் வம்பு ஒன்று. பேச்சில் 'மாடு வந்துச்சு', 'மாடுங்க வந்துச்சு' இரண்டுக்கும் ஒரே வினை. எழுதும்போதுகூட 'வந்தன' வரவேண்டிய இடத்தில் 'வந்தது' போட்டுவிடுகிறோம். அஃறிணையில் ஒருமை பன்மை பார்த்துக் காதுக்குப் பழக்கமில்லை. ஆகவே 'கேட்க நன்றாக இருக்கிறது' என்பதை வைத்து எந்த வாக்கியத்தையும் சரி என்று விட்டுவிடாதீர்கள்.

தமிழிலிருந்து நேராக இறங்கும் பிழைகள் இன்னும் சில. 'அதைப் பற்றி' என்று நினைப்பதால் 'டிஸ்கஸ் அபவுட்' வருகிறது. 'டிஸ்கஸ்' நேரே செயப்படுபொருளை எடுக்கும், 'அபவுட்' வேண்டாம். 'அறைக்குள்' என்று நினைப்பதால் 'என்டர்ட் இன்டு தி ரூம்', 'இன்டு' வேண்டாம். 'அவளுடன்' என்பதால் 'மேரீட் வித்'. வேண்டியது 'மேரீட் டு'. 'இருந்தாலும்' என்று தொடங்கி 'ஆனால்' என்று சேர்ப்பது நம் பேச்சில் உறுத்தாது. ஆங்கிலத்தில் 'ஆல்தோ' போட்டால் 'பட்' கிடையாது, இரண்டில் ஒன்றுதான்.

'5 வருஷமாக இங்கே இருக்கிறேன்' என்பது நமக்கு நிகழ்காலம். அதை அப்படியே கொண்டுபோனால் 'ஐ ஆம் லிவிங் ஹியர் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்'. ஒரே வாக்கியத்தில் இரண்டு பிழை. முன்பே தொடங்கி இன்னும் நடப்பதற்கு 'ஹேவ் பீன் லிவிங்'. நீளத்துக்கு 'ஃபார்', தொடங்கிய புள்ளிக்கு 'சின்ஸ்': ஃபார் ஃபைவ் இயர்ஸ், சின்ஸ் 2019. இதற்கு எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2019' போல முடிந்துபோன நேரம் வாக்கியத்தில் இருந்தால் 'ஹேவ் சீன்' கூடாது, 'சா' தான்.

பலரும் கவனிக்காதது இது: 'வாக்கிங் டவுன் தி ரோட், எ டாக் பிட் மீ'. நமக்கு இதில் எந்தக் குறையும் தெரியாது. 'சாலையில் நடந்துபோகும்போது நாய் கடித்தது' என்பதில் நடந்தவர் வேறு, கடித்தது வேறு. தமிழ் அதை ஏற்கும். ஆங்கிலத்தில் அந்த '-இங்' துண்டு அடுத்து வரும் எழுவாயைப் பிடித்துக்கொள்ளும். அதாவது சாலையில் நடந்தது நாய் என்றாகிவிடும். 'வைல் ஐ வாஸ் வாக்கிங்' என்று எழுவாயை வெளியே கொண்டுவாருங்கள்.

'எ', 'ஆன்' குழப்பத்துக்கு ஒரு குறுக்குவழி: அடுத்த சொல்லைத் தமிழில் எழுதிப் பாருங்கள். உயிரெழுத்தில் தொடங்கினால் 'ஆன்', மெய்யொலியில் தொடங்கினால் 'எ'. அம்பிரல்லா, ஆனஸ்ட், எம்.ஏ. எல்லாம் 'ஆன்'. யுனிவர்சிட்டி, யூரோப்பியன் 'எ'. ஆங்கில எழுத்தைப் பார்த்தால் ஏமாற்றும், ஒலி ஏமாற்றாது. ஒரே இடத்தில் கவனம்: நாம் 'ஒன்' என்று எழுதினாலும் அதன் ஒலி 'வன்'. ஆகவே 'எ ஒன்-வே ஸ்ட்ரீட்' தான்.

நேரக் கணக்கு: வாக்கியத்துக்கு 45 விநாடி. பார்க்கும் வரிசையை மாற்றாதீர்கள்: வினையும் எழுவாயும், காலமும் நேரச்சொல்லும், 'எ-ஆன்-தி', கடைசியில் வேற்றுமை உருபு போல வரும் 'இன், ஆன், வித்' வகையறா. நான்கிலும் ஒன்றும் சிக்காவிட்டால் குறி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். தவறியவற்றை ஒரு நோட்டில் வகைவாரியாக எழுதிவைத்தால், பெரும்பாலும் மூன்று நான்கு வகைக்குள்தான் திரும்பத் திரும்ப விழுகிறீர்கள் என்பது இரண்டு வாரத்தில் தெரிந்துவிடும்.

இயைபு எழுதியது:

கூப்பிட்டதால் வந்தேன். 'லாம்' என்று எழுதியது சரி, ஆங்கிலத்தில் கடைசியில் வரும் 'பி' எழுத்துக்கு ஒலி இல்லை. பலர் 'லேம்ப்' என்று விளக்கேற்றிவிடுகிறார்கள்.

இந்த இரண்டு கவிதைகளை ஒப்பிட நாம் மெனக்கெடவே வேண்டாம். 'லாம்' 1789-இல் 'சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்' தொகுப்பில் வந்தது, 'டைகர்' 1794-இல் 'சாங்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்' பகுதியில். ஆட்டுக்குட்டியைப் படைத்தவன்தான் உன்னையும் படைத்தானா என்று புலிக் கவிதையே நேராகக் கேட்கிறது. ஒப்பீட்டுக் கேள்வியைக் கவிஞரே எழுதிவைத்துவிட்டார். அந்த வரியைத் தொடாமல் இந்த விடையை முடிக்கக்கூடாது.

முதல் வாசிப்பில் 'இது எதைப் பற்றி' என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் பொழிப்புரைதான் வரும். 'இது என்ன செய்கிறது' என்று கேளுங்கள், ஒரு வினைச்சொல்லில் பதில் எழுதுங்கள். 'லாம்': முதல் பத்தியில் கேட்கிறது, இரண்டாம் பத்தியில் பதில் சொல்கிறது. 'டைகர்': 6 பத்தி, 24 வரி, கேட்டுக்கொண்டே போகிறது, பதில் வரவே இல்லை. இரண்டிலும் கேள்வி ஒன்றுதான்: உன்னைப் படைத்தது யார்? கேள்வி ஒன்று, ஒன்றில் விடை உண்டு, மற்றதில் இல்லை. உங்கள் விடையின் முதல் வாக்கியம் கிடைத்துவிட்டது.

பிறகு தாளில் மூன்று பத்திக் கட்டம் போடுங்கள்: இடப்பக்கம் அம்சம், நடுவில் ஒரு கவிதை, வலப்பக்கம் இன்னொன்று. ஒரு கட்டம் காலியாக இருந்தால் அந்த அம்சத்தையே விட்டுவிடுங்கள், ஒப்பிட ஒன்றுமில்லை என்று அர்த்தம். இங்கே நிறைகிற கட்டங்கள்: பேசுபவர் (ஒன்றில் 'நான் குழந்தை' என்று சொல்லிக்கொள்ளும் குழந்தை, மற்றதில் மிரண்டுநிற்கும் பெயரில்லாக் குரல்), படைத்தவன் (சாந்தமானவன், தானே ஆட்டுக்குட்டி என்று பெயர் பெற்றவன், எதிரே சுத்தியல், சங்கிலி, உலை, பட்டடை என்று ஒரு கொல்லன்), இடம் (ஓடையும் புல்வெளியும், இரவுக் காடு). ஒற்றுமைக்கும் ஒரு வரி வேண்டும். இரண்டும் விலங்கை முன்னிலையில் அழைத்துப் பேசுகின்றன, இரண்டிலும் ஈரிரண்டு வரியாக இயைபு வருகிறது.

இயைபு என்று சொன்னது என் பெயருக்காக அல்ல. வரிக்கடைசி ஒலி ஒன்றிவருவது நம் யாப்பில் இயைபு. இதை எதுகை என்று நினைத்துக்கொண்டு வரித்தொடக்கத்தில் இரண்டாம் எழுத்தைத் தேடுபவர்கள் உண்டு. மோனையை ஆங்கில 'அலிட்டரேஷன்' அருகே வைக்கலாம், எதுகைக்கு அங்கே நேரான இணை இல்லை.

'இரண்டிலும் அலிட்டரேஷன் இருக்கிறது' என்று எழுதினால் ஒன்றும் கிடைக்காது. அது என்ன செய்கிறது என்று அடுத்த அரை வாக்கியத்தில் வரவேண்டும். வல்லினம், மெல்லினம், இடையினம் என்று பிரித்துக் கேட்கும் காது நமக்கு ஏற்கெனவே இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள். புலிக் கவிதையின் முதல் வரி 'ட', 'ப' என்று வல்லினத்தில் அடிக்கிறது, பின்னால் வரப்போகும் பட்டடையின் ஓசை அங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆட்டுக்குட்டியில் 'ல', 'ம' புரள்கின்றன.

கடைசிப் பத்தியைக் கவனமாகப் பாருங்கள். 'டைகர்' முதல் பத்தியே திரும்ப வந்து முடிகிறது, ஒரே ஒரு சொல் மாறுகிறது: 'குட்' இருந்த இடத்தில் 'டேர்'. 'யாரால் முடியும்' என்பது 'யாருக்குத் துணிவு வரும்' என்றாகிறது. கவிதை திறமையைப் பற்றிய வியப்பில் தொடங்கி அச்சத்தில் முடிகிறது. இந்த ஒரு சொல்லைப் பிடித்து எழுதும் விடை தனியாகத் தெரியும்.

250 சொல்லைப் பிரிக்கும் கணக்கு: தொடக்கம் 35, நடுவில் மூன்று பத்தி தலா 60, முடிவு 35. பத்திக்கு ஓர் அம்சம், ஒவ்வொரு பத்தியிலும் இரண்டு கவிதையும் இருக்கவேண்டும், ஒவ்வொன்றிலிருந்தும் இரண்டு முதல் நான்கு சொல் மேற்கோள். 'டெண்டர் வாய்ஸ்', 'ஃபியர்ஃபுல் சிமெட்ரி' போதும், முழு வரி எடுத்தெழுதினால் சொல் வீணாகும். 40 நிமிடத்தில் வாசிப்பும் கட்டமும் 10, எழுதுவது 25, சரிபார்ப்பு 5. கவிதையைப் பற்றி எழுதும்போது நிகழ்காலம்: 'பிளேக் யூசஸ்', 'யூஸ்ட்' அல்ல. பேசுபவரைக் கவிஞர் என்று எழுதாமல் 'தி ஸ்பீக்கர்' என்று எழுதுங்கள்.

வரிவால் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒரு முயற்சி போடுகிறேன்: 'தி லாம் இஸ் ஜென்டில். தி டைகர் இஸ் ஃபியர்ஸ். போத் ஆர் மேட் பை காட்.' இது ஒப்பீட்டில் சேருமா?

இயைபு எழுதியது:

இன்னும் இல்லை. இரண்டு வாக்கியங்கள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன, ஒன்றையொன்று பார்க்கவில்லை. மூன்றாவது வாக்கியம் தப்பு. புலியைக் கடவுள் படைத்தார் என்று அந்தக் கவிதை சொல்லவில்லை, படைத்தாரா என்று கேட்கிறது. கேள்வியை விடையாக்கிவிட்டால் கவிதையே போச்சு.

ஒரே வாக்கியத்துக்குள் இரண்டையும் கட்டுங்கள்: 'வைல் தி சைல்ட் இன் தி லாம் ஆன்சர்ஸ் தி கொஸ்டின், தி ஸ்பீக்கர் இன் தி டைகர் கேன் ஒன்லி கீப் ஆஸ்கிங்.' 'வைல்', 'வேர்அஸ்', 'அன்லைக்' மூன்றும் கைவசம் இருந்தால் போதும். 'ஆன் தி அதர் ஹேண்ட்' என்று ஒவ்வொரு பத்தியிலும் தொடங்கவேண்டாம், சலிப்பு தட்டும்.

மூன்றிலொன்று எழுதியது:

சுருக்கத்துக்கு வருகிறேன். அதற்கு முன் இயைபு சொன்னதில் ஒரு சின்ன மாற்றுக்கருத்து: ஒரு கவிதையை முடித்துவிட்டு அடுத்ததை எழுதுவதே குற்றம் இல்லை. இரண்டாம் பாதியின் ஒவ்வொரு வாக்கியமும் முதல் பாதியைத் திரும்பிப் பார்த்தால் அதுவும் ஒப்பீடுதான். ஆனால் 40 நிமிடத்தில் அது கைகூடுவது கடினம். நீங்கள் அம்சம் அம்சமாகவே எழுதுங்கள்.

உங்கள் 150 சொல்லுக்குக் காரணம் எளிய கணக்கு. ஆங்கில வாக்கியம் சராசரியாக 15 சொல் என்று வைத்தால், 100 சொல்லில் 6 அல்லது 7 வாக்கியம்தான் அடங்கும். நீங்கள் 10 கருத்து எடுத்துக்கொண்டு உட்காருகிறீர்கள், 150 வருகிறது. எழுதியபின் வெட்டினால் இணைப்புச் சொற்கள்தான் முதலில் போகும், அதனால்தான் பொருள் அறுகிறது. குறைக்கவேண்டியது எழுதும் முன்.

பேனா இல்லாமல் இரண்டு முறை படியுங்கள். மூன்றாம் முறை, ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு முற்றுவினை உள்ள குறிப்பு எழுதுங்கள். 'மரங்கள்' என்று எழுதினால் அது தலைப்பு, 'மரங்கள் கரையைக் காக்கின்றன' என்றால் கருத்து. 7-க்கு மேல் போனால் இரண்டை ஒன்றாக்குங்கள் அல்லது ஒன்றை அடியுங்கள். பிறகு வினாத்தாளை மூடிவைத்துக் குறிப்பை மட்டும் பார்த்து எழுதுங்கள். மூலம் கண்ணெதிரே இருந்தால் அதன் சொற்கள் கையில் ஒட்டிக்கொள்ளும், 'சொந்த நடையில் இல்லை' என்று மதிப்பெண் குறையும்.

தமிழிலேயே ஒரு மாதிரி, முறை ஒன்றுதான்:

'கடலோரச் சதுப்பில் வளரும் அலையாத்தி மரங்களை நெடுங்காலமாக மக்கள் வெறும் புதர் என்றே நினைத்தார்கள். விறகுக்கு வெட்டினார்கள், இறால் பண்ணைக்காக அழித்தார்கள், வீடு கட்ட இடம் வேண்டும் என்று தூர்த்தார்கள். ஆனால் பின்னிக்கிடக்கும் அவற்றின் வேர்கள் ஒரு வேலி போல நின்று அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. கரை மண்ணையும் அரித்துப் போகாமல் பிடித்துவைக்கின்றன. மீன், நண்டு, இறால் போன்றவற்றின் குஞ்சுகளும் அந்த வேர்களுக்கிடையே ஒளிந்து வளர்கின்றன. எனவே மரம் போனால் கரையும் போகும், மீன்வளமும் குறையும்.'

இது 54 சொல். மூன்றில் ஒன்று 18:

'பயனற்றவை என்று மக்கள் அழித்துவந்த அலையாத்தி மரங்கள் அலையைத் தணித்து, மண்ணரிப்பைத் தடுத்து, கடலுயிர்க் குஞ்சுகளைக் காப்பதால், அவற்றின் அழிவு கரைக்கும் மீன்வளத்துக்கும் கேடு.'

என்ன போயிற்று என்று பாருங்கள். விறகு, பண்ணை, வீடு மூன்றும் 'அழித்துவந்த' என்ற ஒரு சொல்லுக்குள் போய்விட்டன. வேலி உவமை அடிபட்டது, உவமைக்குச் சுருக்கத்தில் இடமில்லை. மீன், நண்டு, இறால் மூன்றுக்கும் பொதுப்பெயர் ஒன்று. 'ஆனால்', 'எனவே' இரண்டும் சொல்லாக மறைந்தாலும் அவற்றின் வேலை இருக்கிறது: 'பயனற்றவை' என்ற எண்ணத்துக்கு எதிராகப் பயன் நிற்கிறது, 'காப்பதால்' காரணத்தைச் சொல்கிறது. மூலத்தில் 'பட்', 'ஹவ்எவர்', 'தேர்ஃபோர்' எங்கே வருகிறதோ அங்கே முக்கியமான கருத்து பக்கத்தில் இருக்கும், அதை அடிக்காதீர்கள்.

ஆனால் இதை அப்படியே ஆங்கிலத்தில் தள்ளினால் உடையும். 'தணித்து, தடுத்து' என்று எச்சத்தைக் கோத்துக்கொண்டே போக அங்கே வழியில்லை. மூன்றும் முற்றாகி, கடைசிக்கு முன் 'அண்ட்' வரவேண்டும், வாக்கியமும் இரண்டாகவேண்டும்: 'மேங்குரோவ்ஸ், லாங் கிளியர்ட் ஆஸ் யூஸ்லெஸ், காம் தி வேவ்ஸ், ஹோல்ட் தி சாயில் அண்ட் ஷெல்டர் யங் சீ லைஃப். தேர் லாஸ் ஹார்ம்ஸ் போத் ஷோர் அண்ட் ஃபிஷரீஸ்.' 23 சொல். 'கிளியர்ட்' இங்கே எச்சம், மரங்களைத்தான் பிடித்து நிற்கிறது. முற்றுப்புள்ளி சொன்ன நாய்க்கடி இல்லை.

கடைசியாக 5, 6 சொல் கூடினால் கருத்தைத் தொடாதீர்கள், சதையைக் கழியுங்கள். 'டியூ டு தி ஃபேக்ட் தட்' 5 சொல், 'பிகாஸ்' ஒன்று. 'அட் திஸ் பாயிண்ட் இன் டைம்' 5, 'நவ்' ஒன்று. 'எ லார்ஜ் நம்பர் ஆஃப்' 4, 'மெனி' ஒன்று. மேற்கோள் குறிக்குள் இருப்பதை மறைமுகக் கூற்றாக மாற்றுங்கள். அதில் கேள்வி இருந்தால் சொல்வரிசை திரும்பவேண்டும்: 'ஹி ஆஸ்க்ட் வேர் ஷி வாஸ் கோயிங்', 'வேர் வாஸ் ஷி' அல்ல. 'ஐ திங்க்' போன்ற உங்கள் கருத்து எங்கும் வரக்கூடாது. தலைப்பு கேட்டிருந்தால் 3 முதல் 6 சொல்லில் பெயர்த்தொடராக இருக்கட்டும்.

வரிவால் எழுதியது:

10 கருத்து விஷயம் நூறு சதவீதம் உண்மை, பழைய தாளை எண்ணிப் பார்த்தேன், 11 இருந்தது. 'வெல்-நோன்' போல நடுவில் கோடு வரும் சொல்லை ஒன்றாக எண்ணுவதா, இரண்டாகவா? பிறகு, ஆரம்பத்தில் கேட்டது: எதை முதலில் எடுப்பது?

மூன்றிலொன்று எழுதியது:

ஒன்றாகத்தான் எண்ணுவது வழக்கம். 'டோன்ட்', 'இட்ஸ்' போன்றவையும் ஒன்று, ஆனால் சுருக்கத்தில் அவற்றை விரித்தே எழுதுங்கள். 95-க்கும் 100-க்கும் நடுவில் நிறுத்தினால் இந்தக் கவலையே இல்லை. கீழே சொல் எண்ணிக்கையை எழுதும்போது உண்மையான எண்ணை எழுதுங்கள், எண்ணிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

முற்றுப்புள்ளி எழுதியது:

முதல் இரண்டு வாரம் பிழை திருத்தம், தினம் 10 வாக்கியம். முற்றைத் தேடிக் கை பழகிவிட்டால் சுருக்கத்துக்குக் குறிப்பு எடுப்பது பாதி முடிந்த மாதிரி. மூன்றாம், நான்காம் வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு சுருக்கம். கடைசி இரண்டில் வாரத்துக்கு இரண்டு கவிதை ஒப்பீடு, கட்டம் மட்டும் போடுவது தினமும். ஒப்பீட்டில் நீங்கள் எழுதிய வாக்கியங்களையே கடைசியிலிருந்து முதலுக்கு ஒவ்வொன்றாகப் பார்த்து முற்றுக்கும் எழுவாய்க்கும் அடிக்கோடு போடுங்கள். பின்னாலிருந்து வந்தால் பொருள் இழுக்காது, பிழை தெரியும்.